குரோம் சக்கரம் மங்கினால்: எது மீளும், எது மீளாது?

கேள்வி: சக்கரம் கழுவும் திரவம் ஒன்றை அடித்த பிறகு என் காரின் குரோம் சக்கரங்கள் மங்கிவிட்டன. ரிம் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. சரிசெய்ய முடியுமா? பாதுகாப்புக்கு என்ன பூசலாம்?

பதில்: முதலில் அந்தத் திரவத்தின் லேபிளைப் பாருங்கள். அமிலம் கலந்தது என்றால் இனி அது வேண்டவே வேண்டாம். மேலே தெரியும் குரோம் படலத்தின் கனம் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. அதன் அடியில் உள்ள நிக்கல்தான் உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் அந்த மெல்லிய குரோம் கரைந்துவிடும்.

உங்களுக்கு நேர்ந்தது அதுதானா என்று பார்க்க, ஈர மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் குரோம் பாலிஷ் எடுத்து ஒரு மூலையில் மட்டும் தேயுங்கள். மங்கல் விலகினால் அது வெறும் படிவு. லேசான மஞ்சள் சாயல் நிலைத்து நின்றால் குரோம் போய் நிக்கல் வெளியே வந்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. குரோம் போலத் தோன்றினாலும் மேலே லாக்கர் (நிறமற்ற வார்னிஷ் போன்ற பூச்சு) பூசிய சக்கரங்கள் உண்டு. அவற்றில் பாலிஷ் போட்டால் லாக்கர் கீறிப்போகும். ஷாம்பு மட்டும் போதும்.

பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பிரேக்கிலிருந்து சூடாகத் தெறித்து ஒட்டிய இரும்புத் துகள்கள். சக்கரம் நன்றாக ஆறியபின் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். முதலில் வெறும் நீரை வேகமாகப் பாய்ச்சி மணலைப் போக்குங்கள். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு கார் ஷாம்புவும் மென்மையான பிரஷும். நட்டுக் குழிகளையும் ரிம்மின் உட்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். சக்கரத்துக்குத் தனி வாளி வையுங்கள். புள்ளி இன்னும் இருந்தால், குரோமில் பயன்படுத்தலாம் என்று லேபிளில் குறிப்பிட்ட, அமிலமில்லாத இரும்புத்துகள் நீக்கியை அடியுங்கள். திரவம் ஊதா நிறமாக மாறும். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

அதற்கும் அசையாத மேல்துருவை, நனைத்த அலுமினியத் தாளைச் சுருட்டி அழுத்தாமல் தேய்த்து எடுக்கலாம். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் உப்புத்தாளும் கூடவே கூடாது.

குமிழாக எழும்பிய இடம், உரியும் விளிம்பு, அலுமினியச் சக்கரத்தில் வெள்ளைப் பொடி: இவை முலாமுக்கு அடியில் அரிப்பு புகுந்ததன் அடையாளம். பழைய முலாமை உரித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. டயர் பதியும் இடத்தில் உரிந்தால் காற்றும் கசியும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நன்றாகத் துடைத்து உலர்த்தியபின், வெப்பம் தாங்கும் செயற்கை வீல் சீலன்ட்டை (சக்கரத்துக்கான பாதுகாப்புப் பூச்சு) மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். லேபிளில் சொன்ன இடைவெளி விட்டே இரண்டாம் பூச்சு. கார்னூபா என்ற தாவர மெழுகு பிரேக் சூட்டில் சீக்கிரம் போய்விடும். தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டிய நேரம். சீலன்ட், டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படக்கூடாது.

உப்பு பட்ட சாலையில் ஓட்டினால் அன்றே வெறும் நீரால் அலசிவிடுங்கள். குரோமில் உள்ள நுண் விரிசல்கள் வழியே உப்பு உள்ளே இறங்கும். வீல் பேலன்ஸ் செய்யும்போது விளிம்பில் கிளிப்பாக அடிக்கும் எடையை மறுத்து, உட்புறம் ஒட்டும் எடையைக் கேளுங்கள். கிளிப் அடித்த இடத்தில்தான் பல சக்கரங்களில் உரிதல் ஆரம்பிக்கிறது.