கேள்வி நேரம்: கடிகாரத்தில் தோற்பது ஏன்?

கேள்வி: லிசெஸ் என்ற இணைய செஸ் தளத்தில் 3+0 (ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்குக் கூடுதல் நேரம் இல்லை) ஆடுகிறேன். ஜெயிக்கும் நிலையிலும் நேரம் முடிந்து தோற்கிறேன். சர்வர் தூரமா? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: சர்வர் பிரான்சில்தான். ஆனால் தூரத்தால் வரும் தாமதத்தை லிசெஸ் ஓரளவு ஈடுகட்டிவிடும். வைஃபை இடையிடையே அறுந்து அறுந்து வந்தால்தான் அது போதாது. கேபிள் போட்டுப் பாருங்கள். கரண்ட் போனாலும் கடிகாரம் நிற்காது, ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் தேவை.

முதலில் 3+2-க்கு மாறுங்கள்: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி, 40 நகர்த்தலுக்கு 80 விநாடி கூடுதல். 3+0 கை வேகத்துக்கான பந்தயம், அவ்வளவுதான்!

ப்ரீமூவ் (எதிரி ஆடும் முன்பே உங்கள் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பது) பழகுங்கள், லிசெஸ்ஸில் அதற்கு நேரமே கழியாது. உங்கள் காயை வெட்டினால் திருப்பி வெட்டும்படி வைப்பது பெரும்பாலும் பாதுகாப்பு: எதிரி வெட்டாவிட்டால், அங்கே உங்கள் காயே நிற்பதால் அது ரத்தாகிவிடும். காலிக் கட்டத்துக்கு ராணியை ப்ரீமூவ் செய்தால்தான் ஆபத்து.