கேள்வி - பதில்: அறிவியலுக்கு அழைத்துவருவது எது?

கேள்வி: அறிவியல் ஆய்வையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும்படி ஒருவரைத் தூண்டுவது எது? பிறவியிலேயே அமைந்த கூர்மதியா?

பதில்: கூர்மதி உதவும், ஆனால், விடை தெரியாத ஒன்றை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பாத இயல்புதான் முதன்மையானது என்பேன். நான்கைந்து வயதில் தந்தை காட்டிய திசைகாட்டியின் முள், பெட்டியை எப்படித் திருப்பினாலும் ஒரே திசையை நாடியது தம்மை வியப்பில் ஆழ்த்தியதாக ஐன்ஸ்டைன் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

எல்லோருக்கும் அத்தகைய ஒற்றைக் கணம் வாய்ப்பதில்லை. முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாத ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் பாரடே, லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகியபோது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே மின்சாரத்தின்மீது நாட்டம் கொண்டார். 1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டால் புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி (கைத்தொழில் இங்கும் கைகொடுத்தது!) டேவிக்கே அனுப்பினார்; 1813-இல் அவருடைய ஆய்வக உதவியாளரானார். பாரடேயின் ஆர்வத்தைப் போற்றும் நாம், அந்தச் சீட்டைக் கொடுத்தவரை ஏனோ மறந்துவிடுகிறோம்.