நகரத்துக்குள் ஒளிந்திருக்கும் விதிகள்: கேள்வி பதில்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நகர வடிவமைப்பாளராகப் பணிபுரிகிறேன். நகர அமைப்பில் அளவுருச் சிந்தனை (அளவுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் விதிகளாக எழுதும் முறை) பற்றி நம் குழுவினர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அக்கா, அளவுருச் சிந்தனை என்றாலே வளைந்து நெளிந்த கட்டடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நகரத்தையும் அப்படி வளைக்க வேண்டுமா? (கட்டடக்கலை மாணவி, சிரம்பான்)

வேண்டியதில்லை. வளைவு ஒரு பாணி. கட்டடக்கலைஞர் பாட்ரிக் ஷூமாக்கர் 2008இல் அதற்குப் ‘பாராமெட்ரிசிசம்’ என்று பெயர் சூட்டியபின் பலர் பாணியையும் சிந்தனையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தெருவின் அகலம், கட்டடத்தின் உயரம், மனையின் அளவு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவையாக எழுதுவதுதான் இந்தச் சிந்தனை. ‘கட்டடம் 18 மீட்டர்’ என்றால் அது வெறும் அளவு. ‘கட்டடத்தின் உயரம் தெரு அகலத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது’ என்றால் அது விதி. தெரு மாறினால் கட்டடமும் மாறும்.

பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு 1859இல் திட்டம் வகுத்த பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்டாவிடம் கணினி ஏது? ஏறத்தாழ 113 மீட்டர் சதுரத் தொகுதி, 20 மீட்டர் தெரு, 45 பாகையில் வெட்டிய மூலை. இந்தச் சில முடிவுகளே ஒரு பெருநகரத்தைப் பெற்றெடுத்தன.

நம் பினாங்கில் இதற்கு உதாரணம் உண்டா? (கடைவீட்டு உரிமையாளர், லெபோ பசார்)

நீங்கள் தினமும் நடக்கும், கடைவீடுகளின் முன்னுள்ள ‘ஐந்தடி’ நடைபாதைதான் உதாரணம். ஒவ்வொரு வீட்டின் முன்பும் எப்போதும் திறந்திருக்கும், கூரையிட்ட, தொடர்ச்சியான நடைபாதை வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் விதித்தார். பின்னர் அந்த வழக்கம் மலாயா நகரங்களிலும் பரவியது. தூண் எப்படி இருக்க வேண்டும், தரையில் என்ன ஓடு பதிக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. செட்டியார், சூலியா (தமிழ் முஸ்லிம்) வணிகர், சீன வணிகர் என ஒவ்வொருவரும் தம் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்பக் கட்டினார்கள். ஆனாலும் தெரு ஒன்றாக நிற்கிறது. கடைவீடுகளின் அகலமும் அப்படித்தான்: சுவரிலிருந்து சுவருக்கு எட்டும் மர உத்தரத்தின் நீளமே அதற்கு எல்லை வகுத்தது. அகலம் குறுகியதால் வீடு பின்னோக்கி நீண்டது. நீண்டதால் நடுவே வெளிச்சமும் காற்றும் வர வானவெளி முற்றம் தேவைப்பட்டது. ஓர் அளவு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதைப் பாருங்கள்.

இதே ஐந்தடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரோடு போய்ப் பாருங்கள். ஒரு கடையின் தரை மேலே. அடுத்த கடையின் தரை ஒரு படி கீழே. நடுவில் மோட்டார் சைக்கிள், அதற்குப் பக்கத்தில் சரக்குப் பெட்டிகள். சக்கர நாற்காலி சாலைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அகலத்தையும் கூரையையும் கட்டுப்படுத்திய பழைய விதி, தரைமட்டத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எந்த விதியைப் படித்தாலும் அது எதைப் பேசாமல் விட்டது என்பதைத் தேடுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கோலாலம்பூர் வெயிலுக்கு இந்த முறை உதவுமா?

பெரிதும் உதவும். நியூயார்க் 1916இல் கட்டடங்கள் மேலே போகப் போகப் பின்வாங்க வேண்டும் என்று சட்டம் இயற்றியதற்கு ஒரு முக்கியக் காரணம், தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதே. கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகையில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். டிசம்பர் நண்பகலில்கூட 20 மீட்டர் கட்டடத்தின் நிழல் 10 மீட்டர் அளவுக்குத்தான் விழும். எனவே உயரமான கட்டடமே நிழல் தரும் என்று நம்பி இருந்துவிட முடியாது. மரமும் கூரையிட்ட நடைபாதையும்தான் நண்பகலில் கைகொடுக்கும். குளிர்நாட்டு விதியை அப்படியே எடுத்து நம் ஊருக்கு ஒட்டுவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் காரியம். அங்கே வெயிலை வரவேற்க வேண்டும். இங்கே நிழலைத் தேட வேண்டும்.

மகளே, எங்கள் பிரிக்பீல்ட்ஸில் கட்டடங்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. கணினி கணக்குப் போட்டுச் சொன்னது என்றால் நாங்கள் என்ன பேச முடியும்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோலாலம்பூர்)

தாராளமாகப் பேசலாம், ஐயா. கணினி தன்னிடம் கொடுத்ததைத்தான் கணக்கிடும். எதைக் கொடுப்பது என்று மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். திட்ட ஆவணங்களில் ‘பிளாட் ரேஷியோ’ (plot ratio) என்று ஓர் எண் வரும். மொத்தத் தளப்பரப்பை நிலப்பரப்பால் வகுத்த விடை அது. அது 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் பாதியில் கட்டினால் 12 மாடி; ஐந்தில் ஒரு பங்கில் கட்டினால் 30 மாடி. இரண்டுக்கும் எண் ஒன்றே, தெருவோ வேறு. ஆகவே மாடிக் கணக்கோடு நிறுத்தாமல் கேளுங்கள்: எதை மாற்றாமல் வைத்தீர்கள்? நடைபாதை நிழல் கணக்கில் உண்டா? ரயில் நிலையத்துக்கு வயதானவர் நடக்கும் தூரம் உண்டா? கோவிலின் தேர் திரும்பும் இடம்? வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வரும்போது இவற்றை எழுத்தில் கொடுங்கள்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் இயங்கும் கிராஸ்ஹாப்பரைப் பலர் பயன்படுத்துகிறார்கள். முதலில் ஒரு சாதாரண எக்செல் தாளே போதும்.

இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்கள், அக்கா.

சூலியா தெருவில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கடையின் ஐந்தடித் தரைமட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இப்படி ஒரு விதி எழுதுங்கள்: அடுத்தடுத்த இரண்டு கடைகளுக்கிடையே சரிவு 12க்கு 1ஐ (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) தாண்டக் கூடாது, பழைய தூணையும் வாசற்படியையும் தொடக் கூடாது, மழைநீர் கடைக்குள் புகக் கூடாது. மூன்றும் ஒன்றாக நிறைவேறாத இடங்கள் கட்டாயம் வரும். அவற்றை வரைபடத்தில் சிவப்பால் குறித்துக்கொண்டு, அந்தந்தக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.