சட்டம் படிக்காதவர் நீதிபதியாக இருக்கலாமா?

அமெரிக்காவில் இப்படி நடந்தது உண்டு. கென்டக்கி மாநிலத்தின் லிஞ்ச் என்ற சிற்றூரில் நீதிபதியாக இருந்தவர் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். போலீஸ்காரர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, 30 நாள் சிறை என்றார் நீதிபதி. முதல் தடவைக் குற்றத்துக்கு அன்றைய சட்டத்தில் அபராதம் மட்டும்தான், சிறையே கிடையாது!

சரி, உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மேல் நீதிமன்றத்தில் வழக்கை முதலிலிருந்து நடத்திக்கொள்ளலாம், அதனால் தவறில்லை என்று 1976-ல் தீர்ப்பளித்தது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. மறுவிசாரணை கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாதே.

கென்டக்கி மக்கள் அதற்கு முன்பே, 1975-ல், அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள். ஊர் நீதிமன்றங்களின் அதிகாரம் மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போனது. 1978 முதல் அங்கே வழக்கறிஞர்கள் மட்டுமே நீதிபதியாக முடியும்.