பிறப்பு ரகசியமும் கல்வெட்டும்

அன்புள்ள ஐயா,

'பொன்னியின் செல்வ'னை மூன்றாம் முறையாக வாசித்து முடித்தேன். இளவரசன் மதுராந்தகன் அல்ல, பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனே சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன் என்று வெளிப்படும் இடம் இம்முறை உறுத்தியது. குழந்தை மாறிப்போவது திரைப்படங்களில் பார்த்துச் சலித்த உத்தி அல்லவா? வரலாற்றில் ஆதாரமில்லாத ஒன்றைச் சரித்திர நாவலில் வைக்கலாமா? நானும் சோழர் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதிவருவதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தை மாற்றத்துக்கு ஆதாரம் இல்லை. அது முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனையை அவர் எந்த இடத்தில் வைத்தார் என்பதைப் பாருங்கள்.

பட்டத்து இளவரசர் ஆதித்த கரிகாலர் கொல்லப்பட்ட பிறகு அரியணை ஏறியவர் அவருடைய தம்பி அருள்மொழி (பின்னாளில் ராஜராஜர்) அல்லர், கண்டராதித்தரின் மகன் உத்தம சோழர். கொலையில் தொடர்புடையவர்களின் சொத்துகளைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டோ, உத்தமரின் ஆட்சி முடிந்து, ராஜராஜரின் 2ஆம் ஆட்சியாண்டில்தான் வெட்டப்பட்டது. இதை வைத்து உத்தமர்மீது ஐயம் கொண்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவரைப் பெற்றவரோ, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவி. அப்படிப்பட்ட தாய்க்கு இப்படியொரு மகனா என்ற கேள்விக்கு, அரியணைக்கு ஆசைப்பட்டவனை மதுராந்தகனாகவும் அரசனானவனை சேந்தன் அமுதனாகவும் இரண்டு ஆட்களாகப் பிரித்து கல்கி விடை கண்டார். கோயிலுக்குப் பூத்தொண்டு செய்தவனே உத்தம சோழனாகிறான்.

உங்கள் ஊரிலிருந்து கோனேரிராஜபுரம் அதிகத் தொலைவில்லை. கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பம் அந்தக் கோயில் சுவரில் இருக்கிறது. கணவர் பெயரால் அக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த மாதேவிக்கு உத்தம சோழர் திருமகனார் என்றே அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நாவலின் முடிவிலும் அந்தக் கல்வெட்டு பொய்யாகவில்லை. முடிசூடியவன் அவர் பெற்ற பிள்ளைதான். வரலாற்று நாவலாசிரியனுக்கு நான் ஏற்கும் எல்லை இதுதான்: கல் பேசாத இடத்தில் எதையும் கற்பனை செய்யலாம், கல் பேசிவிட்ட இடத்தில் அதை மறுக்கக் கூடாது.

திரைப்பட உத்தி என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தாமிரசாசனங்களில் அரச வம்சாவளி சூரியனிலிருந்து தொடங்கும் காலம் அது. யார் யாருக்குப் பிறந்தார் என்பதே ஆட்சியுரிமையாக இருந்த அந்த உலகில், பிறப்பை மறைப்பது ஒரு வீட்டின் மானத்தோடு முடிந்துவிடாமல் ராஜ்ஜியத்தையே தொடுகிற காரியமாகிறது. அந்த ரகசியத்தைச் சுமக்கும், மதுராந்தகனைப் பெற்ற மந்தாகினியும் அமுதனை வளர்த்த அவள் தங்கை வாணியும் வாய்பேசாதவர்கள். மந்தாகினி தன் கதையை இலங்கையில் சித்திரங்களாகத்தான் தீட்டிவைக்க முடிகிறது. அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

உங்கள் நாவலிலும் ரகசியம் உடைபடும் அத்தியாயத்தை விட, அதைக் காத்தவர்கள் கழித்த வருடங்களை எழுதுவதில் அதிகக் கவனம் வையுங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை 'பொன்னியின் செல்வன்'. அவ்வளவு காலம் வாசகரைக் காக்கவைத்த ஆசிரியர், வேண்டிய குறிப்புகளை முன்பகுதியிலேயே வைத்திருந்தார். அரியணைக்கு ஆசைப்படாதே என்று செம்பியன் மாதேவி மதுராந்தகனிடம் மன்றாடுவதை, கணவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு பக்தையின் பேச்சாகவே முதல் வாசிப்பில் எடுத்துக்கொள்கிறோம். தான் பெறாத பிள்ளையை நெஞ்சார வளர்த்துவிட்டு, அந்த உண்மையை அவனிடம் சொல்லவும் முடியாமல், அவன் முடிசூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் அவர் தவிப்பது மறுவாசிப்பில்தான் தெரிகிறது. நான்காம் முறை வாசிக்கும்போது அந்த உரையாடலில் சற்று நின்று, அவர் சொல்லாமல் விழுங்கும் சொற்களைக் கவனியுங்கள்.

அன்புடன்.