காட்டுயிர்ப் படிப்பு கேட்கும் மகளும் பாலக்கோட்டுத் தந்தையின் கவலையும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கும் தங்கள் மகள், அழிந்துபோன விலங்குகளை மீண்டும் காட்டுக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், “யானை இறங்கி ராகியை மேய்ந்துவிட்டுப் போகிற ஊரில் இருந்துகொண்டு இவள் யானையைக் காப்பாற்றப் போகிறாளாம்” என்று உறவினர்கள் கேலி பேசுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்பது தங்கள் கேள்வி. உண்டு, ஆனால் அவர் மனத்தில் வைத்திருக்கும் வேலையும் நடைமுறையில் இருக்கும் வேலையும் ஒன்றல்ல என்பதால், முதலில் அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மகளின் ஆர்வம் சிவிங்கிப்புலிச் செய்தியிலிருந்து தொடங்கியதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்ட அவ்விலங்கு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டுமாக மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கூண்டு திறந்த காட்சியை நாடே பார்த்தது. அடுத்த மழைக்காலத்தில் நடந்ததையும் மகள் படித்திருக்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள். பூமியின் தென்பாதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். அந்தப் பழக்கம் மாறாத உடல், இங்கே மழையும் புழுக்கமுமாக இருந்த அதே மாதங்களில் அடர்ந்த குளிர்கால முடியை வளர்த்துக்கொண்டது. நடமாட்டத்தைக் கண்காணிப்பதற்காகக் கழுத்தில் மாட்டிய ரேடியோ பட்டைக்கு அடியில் ஈரம் தேங்கிப் புண்ணாகி, ஈ மொய்த்துப் புழு வைத்து, நஞ்சு இரத்தத்தில் கலந்து சில விலங்குகள் இறந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்தப் பட்டையை மாட்டவில்லை. பாதுகாப்புக்கென்று செய்த ஒன்று எந்த வழியாகத் தீங்காகத் திரும்பும் என்பதை முன்கூட்டியே யோசிப்பதும், விட்டபிறகு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவுசெய்வதும்தான் இத்துறையின் பெரும்பகுதி.

இதற்குக் குனோ வரை போகவேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் தங்கள் பாலக்கோடு பகுதியில் பயிர்களைச் சேதப்படுத்திவந்த மக்னா யானையை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ஆனைமலை புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஊருக்குத் தொல்லை விட்டது, யானைக்கு விடவில்லை. சில நாட்களிலேயே அது மலையிறங்கிக் கோயம்புத்தூரின் புறநகர் வரை நடந்தது. மீண்டும் பிடித்து வேறிடத்தில் விட, சில மாதங்களில் அங்கிருந்தும் தோட்டங்களுக்கு வந்ததால், மூன்றாம் முறையாகப் பிடித்து வால்பாறைப் பக்கம் கொண்டுபோனார்கள். பாலக்கோட்டில் அதைப் பிடிக்க வந்த, கும்கிகள் எனப்படும் பழக்கிய யானைகளில் ஒன்றான சின்னத்தம்பியும் 2019-இல் கோவைப் பகுதியில் பிடிபட்டு, அதே ஆனைமலையில் விடப்பட்டு, அங்கே தங்காமல் சமவெளியின் கரும்புக் காட்டுக்கு நடந்துவந்து, கடைசியில் முகாம் யானையான கதைதான். இடமாற்றம் செய்த பிறகு ஒரு யானை என்ன செய்யும் என்று ஓரளவேனும் கணித்துச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் குறைவாக இருக்கிறார்கள். 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களையும் தொட்டு 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டிருப்பதால், அத்தகையவர்களுக்கான தேவை நம் பக்கத்தில் இனிக் கூடுமே தவிரக் குறையாது என்பது என் கருத்து.

இனிப் படிப்புக்கு வருகிறேன். இளநிலையிலேயே காட்டுயிரியல் எடுப்பதை நான் தங்கள் மகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தலில் அந்தப் பாடத்துக்குப் பெயர்பெற்ற கல்லூரி இருக்கிறது, நல்ல ஆய்வாளர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஆயினும் நிலம் ஒன்றையே நம்பியிருக்கும் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, வேறு வாசலும் திறக்கக்கூடிய பட்டம் முதலில் கையில் இருப்பது நல்லது.

என் முதல் தேர்வு கால்நடை மருத்துவம். பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் ஆகும். மாநில இடங்களுக்கு நீட் தேர்வு இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்துவருகிறது. நாமக்கல்லிலும், சேலம் மாவட்டம் தலைவாசலிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. மயக்க ஊசியின் அளவு தொடங்கிக் கழுத்துப் பட்டையின் புண் வரை, மேலே சொன்ன ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு கால்நடை மருத்துவர் நின்றிருக்கிறார். பாறு கழுகுகளின் கதையையும் மகளிடம் சொல்லுங்கள்: மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் நாடெங்கும் அவ்வினம் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டு, 2006-இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள். கழுகைக் கூண்டில் வளர்த்துப் பறக்கவிட்டாலும், தொழுவத்தில் போடும் ஊசி மாறாவிட்டால் பயனில்லை. அந்தத் தொழுவத்துக்குள் நுழையும் உரிமை மருத்துவருக்குத்தான் உண்டு. வனத்துறைப் பணி கிடைக்கத் தாமதமானாலும் கால்நடை உதவி மருத்துவர் பணி இருக்கிறது என்பது தங்களுக்கான ஆறுதல்.

மதிப்பெண் சற்றுக் குறைந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் நான்காண்டு வனவியல் பட்டம் அடுத்த வழி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வனச்சரகர் பணிக்காக நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வில் வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை உண்டு. இந்திய வனப்பணித் தேர்வை இந்த இரண்டு பட்டங்களில் எதை வைத்தும் எழுதலாம். அதன்பிறகும் ஆர்வம் வற்றாதிருந்தால், டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்திலோ, ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரின் தேசிய உயிரி அறிவியல் மையத்திலோ முதுநிலைக் காட்டுயிர்ப் படிப்புக்கு முயலட்டும். அங்கே இடங்கள் மிகச் சில. அதை முடித்தவர்களிலும் பலர் தொடக்கத்தில் ஒப்பந்த அடிப்படையில், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்ற நிலையில்தான் பணிபுரிகிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. பெண்பிள்ளை தனியாகக் காட்டில் எப்படி என்று தயங்கியிருந்தீர்கள். களப்பணிக்குப் பொதுவாக யாரும் தனியாக அனுப்பப்படுவதில்லை, வனச்சரகங்களில் இன்று பெண் அலுவலர்கள் இருக்கிறார்கள், எனவே அந்தத் தயக்கத்தை இந்தப் பட்டியலில் கடைசியில் வையுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அரைப்பரீட்சை விடுமுறையில், மக்னா நடமாடிய ஊர்களில் பத்து வீடுகளுக்கு மகளைத் தாங்களே அழைத்துச் செல்லுங்கள். அந்த யானை போனபிறகு பயிர்ச்சேதம் நின்றதா, வேறு யானை வந்ததா, காவலுக்கு இரவில் இன்னும் போகிறார்களா, வேலி மாறியதா என்று கேட்டு, சொன்னவர் சொன்னபடியே தேதியோடு அவர் எழுதட்டும். ஐந்தாவது வீட்டில் அலுத்துப்போகிறாரா, பத்தாவது வீட்டில் புதுக் கேள்வி கேட்கிறாரா என்பதைத் தாங்கள் கவனியுங்கள். அந்தக் குறிப்பேட்டோடும் பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடும் இருவரும் தருமபுரிக்கு வாருங்கள். எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது என்பதை அவற்றை வைத்துக்கொண்டு பேசுவோம்.