மண்டல் பரிந்துரையும் 1990-ஆம் ஆண்டும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மண்டல் குழுவை அமைத்தது வி.பி.சிங்தானே?

பதில்: இல்லை தம்பி. பிற்படுத்தப்பட்டோரின் நிலையை ஆராய 1979 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அதை அமைத்தது. 1980 டிசம்பர் 31 அன்று அறிக்கை தயாராகிவிட்டது. இந்திரா, ராஜீவ் ஆட்சிகள் முடியும்வரை அது கிடப்பில் கிடந்தது. 1990 ஆகஸ்ட் 7 அன்று, மத்திய அரசு வேலைகளில் 27 சதவீதம் பிற்படுத்தப்பட்டோருக்கு என்று அறிவித்தவர் அப்போதைய பிரதமர் வி.பி.சிங்.

கேள்வி: 27 என்ற கணக்கு எப்படி வந்தது?

பதில்: பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம் என்று மண்டல் குழு மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை 1931-இன் சாதிக் கணக்கெடுப்பு. ஆனால் மொத்த ஒதுக்கீடு 50-ஐத் தாண்டக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஏற்கெனவே 22.5 இருந்தது. எஞ்சிய இடத்தில் அடங்கியது 27. தேவையை அளந்து கொடுத்த எண் அல்ல அது.

கேள்வி: இந்த ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தீக்குளிக்கும் அளவுக்குப் போனது ஏன்? அப்போது நான் பிறக்கவே இல்லை.

பதில்: பொருளாதாரத் தாராளமயத்துக்கு முந்தைய காலம் அது, தனியார் வேலைகள் குறைவு. வட இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்கு அரசு வேலைதான் கண்ணெதிரே தெரிந்த ஒரே வழி. அந்த அச்சம் பொய்யில்லை. போன உயிர்களை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் இன்னொரு காட்சியையும் மறக்க முடியவில்லை. டெல்லித் தெருக்களில் மாணவர்கள் போராட்டம் என்று பிரஷும் பாலிஷ் டப்பாவுமாக உட்கார்ந்து செருப்புத் துடைத்தார்கள், துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டினார்கள். எங்களுக்கு இனி இந்தக் கதிதான் என்பது அதன் பொருள். தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்தவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பிணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேலைகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

கேள்வி: அத்வானியின் ரத யாத்திரை மண்டலுக்கு எதிராகக் கிளம்பியதா?

பதில்: அயோத்தியில் ராமர் கோயில் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்பே இருந்தது. ஆனால் சாதிவாரியாகப் பிரியத் தொடங்கிய வாக்குகளை மதத்தால் ஒன்றுசேர்க்கும் அவசரத்தை மண்டல் கூட்டியது என்பது என் கருத்து. செப்டம்பர் 25 அன்று குஜராத்தின் சோமநாத்தில் புறப்பட்ட பா.ஜ.க. தலைவர் அத்வானியை அக்டோபர் 23 அன்று பீகாரின் சமஸ்திபூரில் அந்த மாநிலத்தின் லாலு அரசு கைது செய்தது. வி.பி.சிங் அரசுக்குத் தந்துவந்த ஆதரவை பா.ஜ.க. விலக்கியது. நவம்பர் 7 அன்று வி.பி.சிங் ஆட்சி கவிழ்ந்தது, அறிவிப்பு வந்த மூன்றாவது மாதம்.

கேள்வி: தமிழ்நாடு ஏன் எரியவில்லை?

பதில்: அப்போதே இங்கே பிற்படுத்தப்பட்டோருக்கு 50 சதவீதம் இருந்தது. அந்தச் சண்டையை நம் பாட்டன்மார் நீதிக்கட்சிக் காலத்திலேயே தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: பலன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா ஐயா?

பதில்: 1992-இல் உச்ச நீதிமன்றம் 27-ஐ ஏற்றது, வசதி படைத்தோரை விலக்கச் சொன்னது. உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வு தீரவில்லை. பீகாரின் 2023 கணக்கெடுப்பில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மட்டும் 36 சதவீதம். அந்த மாநிலத்தில் முதல்வராக இருந்த கர்ப்பூரி தாக்கூர் 1978-லேயே அவர்களுக்குத் தனிப் பங்கு கொடுத்தார். மத்திய அரசின் 27-இல் அந்தப் பிரிவு இல்லை. கங்கையில் படகோட்டும், மிகவும் பிற்படுத்தப்பட்ட மல்லா சாதிக்காரரின் மகனும், நிலபுலன் உள்ள யாதவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.